குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் முன் பழைய வீடுகளில் விசாரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரசவ விடுப்பு முடியப்போகிற வீடுகளில் ஆள் கிடைப்பதே பெரும்பாடு. அதனால் விசாரிப்பு என்பது கடைசி நேரத்தில் இரண்டு நிமிட போன் பேச்சாகச் சுருங்கிவிடுகிறது. "நல்லவங்களா?" "ஆமாங்க, நல்லவங்கதான்." அதோடு முடிந்தது. அந்த ஒரு பேச்சில்தான் குழந்தையின் பாதுகாப்பைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ள முடியும். அதை எப்படி நடத்துவது என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். தமிழ்நாட்டு நகரங்களில் பகலில் வந்துபோகும் ஆயாம்மாவையும், வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்பவரையும் மனதில் வைத்து எழுதியது.

1. ஆதார் நகல் வாங்கியாச்சு, போலீஸ் சரிபார்ப்புக்கும் போடப்போறோம். அதுக்கு மேல பழைய வீட்டுக்காரங்களையும் கேட்கணுமா?

கட்டாயம் கேட்க வேண்டும். ஆதார், அவர் யார் என்று சொல்லும். காவல்துறை சரிபார்ப்பு, அவர் மேல் வழக்கு உண்டா என்று சொல்லும். மதியம் தூங்காமல் அடம்பிடித்து அழும் ஒன்றரை வயதுக் குழந்தையிடம் அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை இரண்டுமே சொல்லாது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் பழைய வீட்டார்தான்.

வீட்டுக்குள் நடக்கும் தவறுகள் பல, புகாராகவே போவதில்லை. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். ஆகவே காவல்துறைப் பதிவில் ஒன்றும் இல்லை என்றால், இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. எப்போ விசாரிக்க ஆரம்பிக்கணும்? ஆள் ஓகே சொன்ன பிறகா, முன்னாடியா?

நேரில் பார்த்துப் பேசிய பிறகு, "வாங்க" என்று உறுதி சொல்வதற்கு முன்பு. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு விசாரித்தால், காதில் விழுகிற கெட்ட செய்தியை நம்ப மனம் வராது. ஏற்கெனவே முடிவெடுத்தாயிற்றே என்று சமாதானம் தேடும்.

முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு உண்டு (2017 முதல்). விடுப்பு முடிய எட்டு வாரம் இருக்கும்போதே தேட ஆரம்பித்தால் நிதானமாகச் செய்யலாம். நேரில் பேச, பழைய வீடுகளை விசாரிக்க, ஆவணங்களைப் பார்க்க இரண்டு மூன்று வாரம் போய்விடும். காவல்துறைச் சான்றுக்குத் தனியே அவகாசம் வேண்டும். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே அவர் குழந்தையோடு பழக, கடைசியில் இரண்டு வாரமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

3. எத்தனை பேரைக் கேட்டா போதும்?

குறைந்தது இரண்டு பழைய வீடுகள், அவர் குடியிருக்கும் பகுதியில் அவரை அறிந்த ஒருவர். இரண்டு வீடுகளில் ஒன்று கடைசியாக வேலை பார்த்த வீடாக இருக்க வேண்டும். இன்னொன்றில் உங்கள் குழந்தையின் வயதை ஒட்டிய குழந்தையை அவர் பார்த்திருக்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளையைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வந்த அனுபவம், ஆறு மாதக் குழந்தையைக் குளிப்பாட்டிப் பால் கொடுக்கும் வேலைக்குச் சான்றாகாது. சமையலுக்கோ வீடு பெருக்கவோ போன வீட்டார் அவருடைய நேர்மையைப் பற்றிச் சொல்லலாம். குழந்தை பார்ப்பதைப் பற்றி அவர்களால் சொல்ல முடியாது.

கடைசி ஐந்து வருடத்தை வீடு வீடாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்: எந்தப் பகுதி, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, குழந்தைக்கு அப்போது என்ன வயது. தேதி நினைவில்லை என்றால் தீபாவளி, பொங்கல், பள்ளி திறப்பு என்று கேட்டால் சரியாக வந்துவிடும். நடுவில் இடைவெளி இருந்தால் காரணம் கேளுங்கள். மகள் பிரசவம், மாமியாருக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போனது என்று பெரும்பாலும் எளிய காரணம்தான் இருக்கும். ஒரு வீட்டின் பெயரே சொல்லாமல் தாண்டிப் போனால், விசாரிக்க வேண்டிய வீடு அதுதான்.

4. அவங்க குடுத்த நம்பர் நிஜமாவே பழைய வீட்டுக்காரங்களுதானான்னு எப்படித் தெரியும்? தங்கச்சிகிட்டயே பேசச் சொல்லியிருந்தா?

இப்படி நடக்கிறது. எதிர்முனையில் பேசுபவரிடம் நீங்களே எல்லா விவரத்தையும் எடுத்துக் கொடுப்பதால்தான் ஏமாற முடிகிறது. "உங்க பையன் ஆதவ்வை ரெண்டு வருஷமா பார்த்துக்கிட்டாங்களாமே?" என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் "ஆமாம்" என்று சொல்லிவிடலாம்.

முதலில் ஆயாம்மாவிடமே அந்த வீட்டைப் பற்றிப் பேச்சோடு பேச்சாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: குழந்தையின் பெயர், ஆணா பெண்ணா, எத்தனையாவது மாடி, வீட்டில் வேறு யார் யார், வேலை நேரம், சம்பளம், ஏன் நின்றார். பிறகு போனில் எதையும் சொல்லாமல் திறந்த கேள்வியாகக் கேளுங்கள். "எந்தக் குழந்தையைப் பார்த்துக்கிட்டாங்க?" "எத்தனை மணிக்கு வருவாங்க?" "அப்ப வீட்ல வேற யார் இருந்தாங்க?" உண்மையான வீட்டுக்காரர் யோசிக்காமல் சொல்வார், கேட்காததையும் சேர்த்துச் சொல்வார். சொல்லிக்கொடுக்கப்பட்டவர் புகழ்ச்சியை வேகமாகவும் விவரத்தைத் தயங்கியும் சொல்வார். சம்பளமும் தேதியும் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பது இயல்பு. குழந்தையின் வயதும் வீட்டில் இருந்தவர்களும் மாறக் கூடாது.

பழைய வீடு அதே ஊரில் இருந்தால், ஒரு வீட்டுக்காவது நேரில் போய்ப் பத்து நிமிடம் பேசுவது எந்தப் போன் பேச்சையும் விட மேல். அடுக்குமாடி என்றால் வாசல் செக்யூரிட்டியே "குழந்தையைத் தூக்கிட்டு கீழ வருவாங்களே, அந்த அம்மாவா?" என்று சொல்லிவிடுவார். மைகேட், நோபுரோக்கர்ஹூட் போன்ற செயலிகள் இருக்கும் குடியிருப்புகளில் வேலைக்கு வருபவர்களின் வருகைப் பதிவு இருக்கும். எந்த மாதம்வரை வந்தார் என்பதை அந்த வீட்டாரால் தங்கள் போனிலேயே பார்த்துச் சொல்ல முடியும்.

5. தெரியாதவங்களுக்கு போன் பண்ணி இதெல்லாம் கேட்கக் கூச்சமா இருக்கு. எப்படி ஆரம்பிக்கிறது?

முதலில் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். உங்கள் பெயர், பகுதி, குழந்தையின் வயது, யார் நம்பர் கொடுத்தார், பத்து நிமிடம் வேண்டும், எந்த நேரம் வசதி. சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை கைக்குழந்தை உள்ள வீட்டில் யாருக்கும் நிதானம் இருக்காது. காலை பதினொரு மணி வாக்கில் கேட்டால் பொறுமையாகப் பேசுவார்கள்.

பேசும்போது, "வணக்கங்க. எங்க பாப்பாவுக்கு எட்டு மாசம். நான் வேலைக்குத் திரும்பப் போறேன். உங்க வீட்ல இருந்த அக்காவை வைக்கலாம்னு யோசிக்கிறோம். நீங்க சொல்றதை அவங்ககிட்ட போய்ச் சொல்ல மாட்டேன்" என்று தொடங்கினால் போதும். கடைசி வாக்கியம் மிக முக்கியம். தாம் சொல்வது திரும்பிப் போகும் என்ற பயத்தில்தான் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். கொடுத்த வாக்கைப் பிறகு காப்பாற்றவும் வேண்டும்.

பலரும் விட்டுவிடுகிற ஒன்று: பகலில் வீட்டில் இருந்தவரோடு பேச வேண்டும். அலுவலகம் போன அம்மாவுக்குத் தெரிந்தது மாலையில் சொல்லக் கேட்டது மட்டும்தான். அந்த வீட்டுப் பாட்டியோ தாத்தாவோ இருந்திருந்தால், "அம்மாகிட்ட ரெண்டு நிமிஷம் பேசலாமாங்க?" என்று கேளுங்கள்.

6. என்னதான் கேட்கணும்? கேள்விகளைச் சொல்லுங்க.

"பொறுமையா இருப்பாங்களா?" "சுத்தமா?" என்று குணத்தைக் கேட்காதீர்கள். நடந்ததைக் கேளுங்கள். குணத்தைக் கேட்டால் அபிப்பிராயம் வரும், நடந்ததைக் கேட்டால் சம்பவம் வரும். முடிவெடுக்க உதவுவது சம்பவம்.

முதலில் வேலையின் அளவு. எந்த வயதிலிருந்து எந்த வயதுவரை பார்த்தார், குளிப்பாட்டியது ஊட்டியது யார், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் குழந்தையோடு தனியாக இருந்தார்? பெரியவர்கள் எப்போதும் கூடவே இருந்த வீட்டில் மூன்று வருடம் இருந்தவர் தனியாகச் சமாளித்ததே இல்லாமல் இருக்கலாம். உங்கள் வீட்டில் அவர் தனியாக இருக்கப்போகிறார் என்றால் இது பெரிய வித்தியாசம்.

அடுத்து, "குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாள்ல என்ன பண்ணாங்க? உங்களை எப்போ கூப்பிட்டாங்க?" "கீழ விழுந்து அடிபட்டிருக்கா? உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் அதிக மதிப்பு. நடக்கப் பழகும் குழந்தை விழத்தான் செய்யும். விழுந்ததை அவரே போன் செய்து சொன்னாரா, மாலையில் வீக்கத்தைப் பார்த்து நீங்கள் கேட்ட பிறகு சொன்னாரா என்பதில் அவருடைய நேர்மை தெரிந்துவிடும். "விழவே இல்லை" என்று பழைய வீட்டார் சொன்னால், நடக்கும் வயதில் அவர் அங்கே இருந்தாரா என்று மறுபடி கேளுங்கள்.

"சாப்பிட மாட்டேன்னு அடம்பிடிச்சா என்ன செய்வாங்க?" என்ற கேள்வியில் டிவி, போன், பூச்சாண்டி பயமுறுத்தல், வாயை அழுத்திப் பிடித்து ஊட்டுவது எல்லாம் வெளிவரும். பிறகு லீவு: மாதத்துக்கு எத்தனை நாள், முன்கூட்டிச் சொல்வாரா, பண்டிகைக்கு ஊருக்குப் போனால் சொன்ன நாளில் திரும்புவாரா. அவரைப் பார்க்க வீட்டுக்கு யாராவது வருவார்களா, குழந்தையைச் சொல்லாமல் வெளியே கூட்டிப் போனதுண்டா. ஏன் நின்றார்.

கடைசியாக, "மறுபடியும் உங்களுக்கு ஆள் தேவைப்பட்டா இவங்களையே கூப்பிடுவீங்களா?" பதிலைப் போலவே, அது வர எடுக்கும் நேரத்தையும் கவனியுங்கள். உடனே "கண்டிப்பா" என்பவர் ஒரு ரகம். "ம்ம்... அப்ப நிலைமையைப் பொறுத்து" என்பவர் எதையோ சொல்லாமல் வைத்திருக்கிறார்.

7. "நல்லவங்கதான், ஒண்ணும் பிரச்சினை இல்லை"ன்னு மட்டும் சொல்லி வச்சுடறாங்களே?

ஒருவர் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் இப்படிச் சொல்பவர்கள் உண்டு. அவர்களிடம் குறையைக் கேட்டால் வராது. யோசனையாகக் கேட்டால் வரும்: "முதல் மாசம் நான் எதைக் கூடவே இருந்து சொல்லிக் கொடுக்கணும்?" "அவங்களுக்கு எது கஷ்டமா இருந்தது?" கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை நிரப்ப அவர்களே ஏதாவது சொல்வார்கள்.

அப்படியும் எதுவும் வரவில்லை என்றால் அதை நல்ல சான்றாகக் கணக்கில் வைக்காதீர்கள். பேசாத வீடு, விசாரிக்காத வீடு. மூன்றாவது ஒருவரைத் தேடுங்கள்.

8. குழந்தையைத் தூங்க வைக்க மருந்து கொடுத்துடுவாங்களோன்னு பயமா இருக்கு. இதை எப்படிக் கேட்கிறது?

நியாயமான பயம். சளி, இருமலுக்கான சில சிரப்புகள் தூக்கத்தை வரவழைக்கும். சிறு குழந்தைக்கு அளவு தெரியாமல் கொடுத்தால் மூச்சே பாதிக்கப்படலாம். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகமே அறிவுறுத்தியது.

பழைய வீட்டாரிடம் நேரடியாகச் சந்தேகத்தைச் சொல்லாமல், "பகல்ல எவ்வளவு நேரம் தூங்குவான்? நீங்க வீட்ல இருக்கற ஞாயித்துக்கிழமையும் அவ்வளவு தூங்குவானா?" என்று கேளுங்கள். ஆயாம்மா இருக்கும் நாளில் நான்கு மணி நேரமும், அம்மா இருக்கும் நாளில் ஒரு மணி நேரமும் தூங்கியிருந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம். ஆயாம்மாவிடமே, "தூங்கலைன்னா என்ன பண்ணுவீங்க அக்கா?" என்றும் கேட்கலாம். தட்டிக்கொடுப்பேன், தூளியில் ஆட்டுவேன், தோளில் போட்டு நடப்பேன் என்று சொல்பவருக்கும், "கொஞ்சம் சிரப் குடுத்தா தூங்கிடும்" என்று வெள்ளந்தியாகச் சொல்பவருக்கும் வித்தியாசம் உடனே தெரியும். இரண்டாமவர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை, ஆபத்து தெரியாமல் சொல்கிறார். ஆனாலும் ஆபத்து ஆபத்துதான். யார் வந்தாலும் மருந்துப் பெட்டி பூட்டியே இருக்கட்டும்.

9. பழைய வீட்டுக்காரங்க குறை சொன்னா உடனே வேண்டாம்னு சொல்லிடணுமா?

எந்தக் குறை என்று பாருங்கள். குழந்தையை அடித்தது, கிள்ளியது, தனியாக விட்டுவிட்டு வெளியே போனது, அடிபட்டதை மறைத்தது, குடித்துவிட்டு வந்தது, கேட்காமல் மருந்து கொடுத்தது: இவற்றில் ஒன்றை நேரில் பார்த்ததாக ஒருவர் சொன்னாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது வீடு எவ்வளவு புகழ்ந்தாலும் அது இதை அழிக்காது.

"சம்பளம் ஏத்திக் கேட்டாங்க", "பாத்திரம் கழுவச் சொன்னா மாட்டேன்னாங்க", "எதிர்த்துப் பேசறாங்க" என்பவை வேறு வகை. குழந்தை பார்க்க என்று வைத்துவிட்டுச் சமையல், துணி, விருந்தாளி வேலை என்று ஏற்றிய வீடுகள் இதைத்தான் குறையாகச் சொல்லும். மறுத்தவர் பக்கம் நியாயம் இருக்கக்கூடும். திருட்டுப் பழி சொன்னால், என்ன காணாமல் போனது, பிறகு கிடைத்ததா, புகார் கொடுத்தார்களா என்று கேளுங்கள். வீட்டில் பொருள் காணவில்லை என்றால் முதல் சந்தேகம் வேலைக்கு வருபவர் மேல் விழுவது நம் ஊரில் வழக்கம். அதனால் மட்டும் அது உண்மையாகிவிடாது.

இந்த இரண்டாம் வகைக் குறையைப் பற்றி ஆயாம்மாவின் பக்கத்தையும் கேளுங்கள். யார் சொன்னது என்று காட்டிக்கொடுக்காமல், "அந்த வீட்ல ஏதாவது மனஸ்தாபம் வந்துச்சா அக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் போதும்.

10. அவங்க இப்பவும் ஒரு வீட்ல வேலையில இருக்காங்க. அங்க போன் பண்ணலாமா?

அவர் சம்மதம் இல்லாமல் பண்ணாதீர்கள். நீங்கள் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அவருக்கு அங்கே வேலை போய்விடக்கூடும். அதற்கு முந்தைய வீடுகளை முதலில் விசாரியுங்கள். எல்லாம் சரி என்றால், "அங்க சொல்லிட்டு நிக்கும்போது சொல்லுங்க, அவங்ககிட்ட பேசிட்டு உறுதி பண்றோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போதைய வீட்டாரின் சொல்லை எடைபோட்டு எடுக்க வேண்டும். அவரை இழக்க விரும்பாதவர் இல்லாத குறையைச் சொல்லலாம், அனுப்பிவிட நினைப்பவர் அளவுக்கு மீறிப் புகழலாம். 6-வது கேள்வியில் சொன்னபடி சம்பவமாகக் கேட்டால் இரண்டுமே பிடிபடும்.

11. பழைய குடும்பம் அமெரிக்கா போயிட்டாங்களாம், நம்பர் இல்லையாம். நம்பலாமா?

உண்மையாகவும் இருக்கலாம். மூன்று வருடம் தூக்கி வளர்த்த குழந்தையின் வீட்டோடு தொடர்பே இல்லை என்பது குறைவுதான். போனில் பழைய படங்கள் இருக்கும், பிறந்தநாளுக்கு வாட்ஸ்அப்பில் பேசியிருப்பார்கள். அவர் போனிலிருந்தே ஒரு குரல் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கு நம் காலை ஏழு மணி முந்தைய இரவு எட்டரை அல்லது ஒன்பதரை. அப்போது அழைத்தால் குழந்தை தூங்கிய பிறகு ஓய்வாகப் பேசுவார்கள். வீடியோ அழைப்பு என்றால் குழந்தை அவரை அடையாளம் காண்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.

எதுவும் இல்லை என்றால் அந்த வீட்டின் பக்கத்து வீட்டார், செக்யூரிட்டி, அங்கே சமையலுக்கு வந்தவர் என்று யாரையாவது கேளுங்கள்.

12. இதுதான் முதல் வேலைன்னு சொல்றாங்க. விசாரிக்கவே ஆள் இல்லையே?

பழைய வீடு இல்லை என்பதால் தள்ளிவிட வேண்டாம். மிக நல்லவர்கள் இப்படியும் வருவார்கள். தன் பிள்ளைகளை, அக்கா தங்கை குழந்தைகளை, பேரக்குழந்தையைப் பார்த்த அனுபவம் இருக்கும். அந்தக் குழந்தையின் அம்மாவோடு பேசுங்கள். உறவினர் சொல் என்பதால் பாதிதான் மதிப்பு, ஆனால் விவரம் கிடைக்கும்.

அவர் இருக்கும் தெருவின் அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் அந்தக் குழுவின் தலைவி, வீட்டு உரிமையாளர், பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் ஆசிரியர் ஆகியோர் நன்றாகச் சொல்லக்கூடியவர்கள். குழுவில் கடன் தவணையை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்பதிலேயே சொன்ன சொல்லைக் காப்பாற்றும் பழக்கம் தெரியும். இப்படி ஒருவரை எடுத்தால், கூடவே பெரியவர் ஒருவர் இருக்கும் நாட்களை ஒரு மாதமாவது நீட்டிக்கொள்ளுங்கள்.

13. ஏஜென்சியில "எல்லாம் செக் பண்ணிட்டோம்"னு சொல்றாங்க. நாங்க தனியா விசாரிக்கணுமா?

ஆமாம். "என்ன செக் பண்ணீங்க, காட்டுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் ஆதார் நகலும் ஒரு புகைப்படமும் வரும். இரண்டு பழைய வீடுகளின் நம்பரை வாங்கி நீங்களே பேசுங்கள். "அந்தரங்கம், தர முடியாது" என்றால், அந்த வீட்டாரின் சம்மதம் கேட்டு அவர்களையே உங்களை அழைக்கச் சொல்லட்டும். அதற்கும் மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

ஆள் சரியில்லை என்றால் மாற்றித் தருகிறோம் என்ற உறுதிமொழி உங்கள் கமிஷன் பணத்துக்குத்தான் பாதுகாப்பு. மாற்றி வருபவரையும் இதே போல முதலிலிருந்து விசாரிக்க வேண்டும். நாளைக்கே ஆள் வேண்டும் என்ற அவசரத்தில் அது விட்டுப்போகும். சம்பளம் முழுவதும் அவர் கைக்குப் போகிறதா, ஏஜென்சி பிடித்துக்கொள்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிடித்தம் அதிகமானால் அவர் நிலைக்க மாட்டார்.

14. ஆதார் அசல்தானான்னு வீட்லயே பார்க்க முடியுமா?

முடியும். அட்டையில் உள்ள கியூஆர் குறியீட்டை ஆதார் ஆணையத்தின் செயலியால் ஸ்கேன் செய்தால் பெயர், முகவரி, புகைப்படம் வரும். அச்சில் இருப்பதோடு ஒத்துப்பாருங்கள். நகல் எடுக்கும் கடையில் மாற்றிய அட்டை இங்கே மாட்டிக்கொள்ளும். ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு நகல் உங்களுக்குப் போதும். அசலை வாங்கி வைத்துக்கொள்வது தவறு.

ஆதாரில் உள்ள பிறந்த தேதி வயதுக்குச் சான்றாகாது. பார்த்தால் சின்னப் பெண்ணாகத் தெரிந்தால் பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கேளுங்கள். 14 வயதுக்குக் கீழ் உள்ளவரை வேலைக்கு வைப்பது 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி (2016 திருத்தம்) குற்றம். 18 நிறையாத பெண்ணிடம் கைக்குழந்தையை ஒப்படைப்பது அந்தப் பெண்ணுக்கும் நல்லதல்ல, குழந்தைக்கும் நல்லதல்ல.

15. போலீஸ் சரிபார்ப்புக்கு ஸ்டேஷனுக்கு அலையணுமா?

வேண்டாம். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்கென்று தனிப் பிரிவு உண்டு. அவருடைய புகைப்படம், அடையாள அட்டை, முகவரி கொடுத்து, கட்டணத்தை இணையத்திலேயே கட்டலாம். அவருக்குச் சொல்லிவிட்டு, அவர் சம்மதத்தோடு செய்யுங்கள். முகவரியை அட்டையிலிருந்து பார்த்து எழுதாமல், இப்போது எங்கே குடியிருக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். அட்டையில் ஊர் முகவரியும் நிஜத்தில் சென்னையில் வாடகை வீடும் இருப்பது மிகச் சாதாரணம். அந்தக் குழப்பத்தில்தான் விண்ணப்பம் தாமதமாகிறது.

16. வீட்டோட தங்க வேற மாநிலத்துப் பொண்ணு வர்றாங்க. அவங்க பேசறதே எங்களுக்குப் புரியலை. எப்படி விசாரிக்கிறது?

அந்த மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஏஜென்சி ஆளை மொழிபெயர்க்க விடாதீர்கள். பழைய வீட்டாரோடு, ஊரில் இருக்கும் அம்மா அப்பாவோடு என்று இரண்டு பேச்சும் வேண்டும். பெற்றோரிடம் கேட்க வேண்டியது, மகள் எங்கே என்ன வேலைக்கு வந்திருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியுமா, சம்பளம் யாருக்கு வருகிறது என்பது. போன் கையில் இல்லை, வீட்டோடு பேசவே விடவில்லை, வயதைக் கேட்டால் ஏஜென்சி ஆளே பதில் சொல்கிறார் என்றால் அந்தப் பெண் கடத்தி வரப்பட்டவராக இருக்கக்கூடும். சிறுமி என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள்.

வீட்டிலும் அவசரத்துக்கு "காய்ச்சல்", "விழுந்துட்டான்", "மூச்சு விட முடியலை" என்பதைச் சொல்லும் அளவுக்காவது பொது மொழி இல்லாமல் குழந்தையைத் தனியாக விட வேண்டாம்.

17. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போட்டு "இவங்களைத் தெரியுமா?"ன்னு கேட்கலாமா?

வேண்டாம். ஒருவர் அரைகுறையாக ஏதோ எழுத, அது பத்துக் குழுவுக்குப் போய், அந்தப் பகுதியிலேயே அவருக்கு வேலை கிடைக்காமல் போகும். படம் இல்லாமல், "சி பிளாக்கில் 2023 வரை குழந்தை பார்த்துக்கொண்ட ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும், தெரிந்தவர்கள் தனியாக அழையுங்கள்" என்று போட்டாலே போதும்.

18. என்ன ஆளுங்க, எந்த மதம்னு கேட்கறது தப்பா? வீட்டுக்குள்ள வர்றவங்க இல்லையா?

தவறுதான். குழந்தை பத்திரமாக இருக்குமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டில் அசைவம் கூடாது, பூஜை அறைக்கு இன்ன விதி என்றால் அதை வேலை நிபந்தனையாக எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்லுங்கள். அவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி, குழந்தையை அவர் வீட்டில் விடப்போகிறீர்கள் என்றால் மட்டும் அவசியம். அப்படியானால் அங்கே இருக்கும் ஒவ்வொருவரையும் பற்றிக் கேட்டே ஆக வேண்டும்.

19. நாங்கதான் அந்தப் பழைய வீட்டுக்காரங்க. உண்மையைச் சொன்னா அவதூறு கேஸ் வருமா?

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு அவதூறைக் குற்றமாக்குகிறது. கேட்பவரின் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு அவரை எச்சரிப்பதற்கு அதே பிரிவில் விலக்கும் தரப்பட்டிருக்கிறது. ஆகவே கேட்டவரிடம் மட்டும், நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "மோசமானவங்க" என்று முத்திரை குத்தாமல், "மார்ச் மாசம் ஒரு நாள் நான் சீக்கிரம் வந்தப்போ குழந்தை தனியா தொட்டில்ல இருந்தது, அவங்க கீழ இருந்தாங்க" என்று சொல்லுங்கள். சந்தேகம் என்றால் சந்தேகம் என்றே சொல்லுங்கள். குழுவில் எழுதுவது, ஊரெல்லாம் பரப்புவது இந்தப் பாதுகாப்புக்குள் வராது.

குழந்தைக்கு நடந்த பாலியல் தொல்லை பற்றி உங்களுக்குத் தெரிந்திருந்தால், அடுத்த வீட்டாரிடம் சொல்வதோடு விட முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். மறைப்பது 21-வது பிரிவின் கீழ் குற்றம். 1098-க்கும் சொல்லலாம்.

20. எல்லாரும் நல்லாச் சொன்னாங்க, பேப்பரும் சரி. ஆனா எங்க பாப்பா அவங்களைப் பார்த்தாலே அழறா. என்ன பண்ண?

எட்டு மாதம் முதல் ஒன்றரை வயதுவரை புது முகத்தைப் பார்த்து அழுவது வளர்ச்சியின் ஒரு பகுதி. முதல் சில நாள் அழுகையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பழைய வீட்டாரை மறுபடி அழைத்து, "உங்க குழந்தை பழக எத்தனை நாள் ஆச்சு? எதைச் செஞ்சா அமைதியாச்சு?" என்று கேளுங்கள். இந்த இரண்டாவது பேச்சில் அவர்கள் முதல் முறையை விட மனம் விட்டுப் பேசுவார்கள்.

சம்பளம் கொடுத்தே ஒரு வாரம் பழக விடுங்கள். முதல் இரண்டு நாள் நீங்கள் அதே அறையில், பிறகு பக்கத்து அறையில், அப்புறம் அரை மணி வெளியே, ஒரு மணி வெளியே. ஒரு முறை சொன்ன நேரத்துக்கு முன்பே திரும்புங்கள். கேமரா வைத்தால் அவருக்குச் சொல்லிவிட்டு வையுங்கள். வாரக் கடைசியில் அழுகை நாளுக்கு நாள் குறைந்திருந்தால் தொடரலாம். குறையாமல் கூடினாலோ, பழகிய பிறகு திடீரென அவர் கைக்குப் போக மறுத்தாலோ, உடம்பில் காரணம் தெரியாத தடம் இருந்தாலோ, பழைய வீடுகள் எத்தனை நற்சான்று கொடுத்திருந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். தடம் இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு அதே நாளில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.